குக்சாவின் தூண்கள் எங்கே போயின?

குக்சா என்ற கிறிஸ்தவத் துறவி மடத்தின் சுற்றுக்கூடத்தை, அதாவது முற்றத்தைச் சுற்றி ஓடும் தூண் நடையை, முழுதாகப் பார்க்க ஆசைப்படுபவர் இரண்டு கண்டங்களுக்குப் பயணச்சீட்டு எடுக்க வேண்டும். ஒரு பகுதி, அது கட்டப்பட்ட இடத்திலேயே, தெற்குப் பிரான்சில் பிரெனே மலையடிவாரத்தில் நிற்கிறது. இன்னொரு பகுதி நியூயார்க்கில், மன்ஹாட்டன் தீவின் வட முனையில், ஹட்சன் ஆற்றைப் பார்த்தபடி இருக்கிறது. இரண்டையும் பார்த்துவிட்டாலும் கணக்கு சரியாக வராது. நடுவில் தொலைந்துபோனவையும் உண்டு.

இந்தக் கதையைப் பலர் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: பணமுள்ள அமெரிக்கர் ஒருவர் வந்தார், பெயர்த்துக்கொண்டு போனார். நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்த வரி நிற்காது. கூடம் முதலில் கலைந்தது. வாங்க வந்தவர் கடைசியில்தான் வந்தார். இடையில் நூறு ஆண்டுகளுக்கும் மேல் ஓடியிருக்கின்றன. அந்த நூறு ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதைத்தான் இந்த ஆய்வில் முக்கியமாகப் பார்க்கிறேன்.

வெள்ளத்தில் தொடங்கிய மடம்

இடம் பிராத் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், கனிகூ மலையின் காலடியில். இன்றைக்குப் பிரான்ஸ், ஆனால் 1659-ஆம் ஆண்டின் பிரெனே உடன்படிக்கை வரை இந்த நிலம் தெற்கே கட்டலான் உலகத்தோடு சேர்ந்தது. ஊர்க்காரர்கள் நாவில் இன்னும் கட்டலான் மொழி உண்டு. அந்த மொழியில் மடத்தின் பெயர் ‘குயிஷா’. பிரெஞ்சு எழுத்தைப் பார்த்து நாம் ‘குக்சா’ என்கிறோம்.

878-இல் தெத் ஆற்றில் பெருவெள்ளம் வந்து, மலைக்கு மேலே எய்ஷலாடா என்ற இடத்தில் இருந்த ஒரு மடத்தை அடித்துச் சென்றது. தப்பிப் பிழைத்த துறவிகள் கீழே இறங்கி வந்து குக்சாவில் குடியேறினார்கள். நூறு ஆண்டுகள் ஆவதற்குள் அந்த அகதிக் கூட்டம் பெரிய மடமாகிவிட்டது. அதிதூதர் மிக்கேல் பெயரில் எழுப்பிய கோயிலுக்கு 974-இல் நேர்ந்தளிப்பு நடந்தது. குதிரை லாட வடிவ வளைவுகள் கொண்ட அந்தக் கோயில் இன்றும் நிற்கிறது. அந்தப் பகுதியில் அத்தனை பழமையும் அத்தனை பெருமையும் உள்ள கட்டடங்கள் குறைவு.

அப்போது மடத்தலைவராக இருந்த கரின் சாதாரண ஆள் இல்லை. வெனிஸ் வரை போய்வந்தவர். 978-இல் வெனிஸ் நகரத்தின் ஆட்சித்தலைவர் பியெத்ரோ ஓர்சேயோலோ, பதவியையும் குடும்பத்தையும் விட்டு, இரவோடு இரவாக நகரைவிட்டு வெளியேறி இந்த மடத்துக்குத் துறவியாக வந்து சேர்ந்தார். கூடவே வந்த ரொமுவால்து பின்னாளில் இத்தாலியில் கமால்தொலி துறவிகளின் தந்தையாக அறியப்பட்டார். மலையடிவாரத்து மடம் ஒன்றைத் தேடி வெனிஸின் தலைவர் வந்திருக்கிறார் என்றால், அந்த மடத்தின் பேர் எவ்வளவு தூரம் எட்டியிருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

1008 முதல் தலைவராக இருந்த ஒலிபா இன்னும் பெரிய மனிதர். ரிப்போல் மடமும் அவர் கையில்தான். 1018 முதல் விக் நகரத்து ஆயரும் அவரே. கோயிலுக்கு அவர் இரண்டு மணிக்கோபுரங்களும், தரைக்குக் கீழே ஒரு வட்டவடிவ அறையும் சேர்த்தார். அந்த அறையின் நடுவில் ஒரே ஒரு பருத்த தூண். கூரை முழுவதும் அதன் மேல் பனையோலை விரிந்ததுபோல் விரிகிறது. 1046-இல் ஒலிபா இறந்ததும் குக்சாவில்தான்.

இத்தனைக்கும் பிறகுதான் நம் சுற்றுக்கூடம் வருகிறது.

சுற்றுக்கூடம் என்றால்

ஐரோப்பிய மடங்களின் இந்தப் பகுதிக்குத் தமிழில் நிலைத்த சொல் இல்லை. நம் பெரிய கோயில்களில் பிராகாரத்தை ஒட்டி ஓடும் தூண் வரிசையைத் திருச்சுற்று மாளிகை என்கிறோமே, வடிவத்தில் அது கிட்டத்தட்ட இதுதான். நடுவில் திறந்த முற்றம், நான்கு பக்கமும் கூரை போட்ட நடை, முற்றத்தைப் பார்த்து வளைவுகளும் தூண்களும். ஆனால் பயன்பாடு வேறு. திருச்சுற்று ஊருக்கே திறந்தது. சுற்றுக்கூடம் ஊருக்கு மூடியது. கோயிலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் படுக்கைக் கூடத்துக்கும் போகும் வழி இதற்குள்தான். படிப்பது, துணி துவைப்பது, தலை மழிப்பது, மௌனமாக நடப்பது எல்லாம் இங்கேயே. அந்த வகையில் இதைச் செட்டிநாட்டு வீட்டின் வளவோடு ஒப்பிடலாம்: வீட்டுக்காரர்களின் வாழ்க்கை முழுவதும் அந்த முற்றத்தைச் சுற்றியே நடக்கும், தெருவில் போகிறவர்களுக்கு அது தெரியாது.

குக்சாவின் சுற்றுக்கூடம் 1130-களில், மடத்தலைவர் கிரிகோரி காலத்தில் எழுந்தது. சுமார் 47 மீட்டருக்கு 39 மீட்டர். அந்த வட்டாரத்தில் மிகப் பெரியது. கல், பக்கத்திலேயே ரியா, வில்ஃபிரான்ஷ் ஊர்களுக்கு இடையில் வெட்டிய இளஞ்சிவப்புப் பளிங்கு. வெள்ளையும் சாம்பலுமாக நரம்பு ஓடும். மழையில் நனைந்தால் செங்கல் நிறத்துக்கு இருண்டுவிடும், வெயிலில் வெளிறிப்போகும்.

தூண்தலைகள் அறுபதுக்கும் மேல் இருந்தன. அவற்றில் என்ன செதுக்கியிருக்கிறார்கள் என்பதுதான் விசேஷம். வேதாகமக் கதை ஏறக்குறைய இல்லை. சில வேலைப்பாடு இல்லாத வெறும் கற்கள். சிலவற்றில் சுருண்ட இலைகளும் பைன் காய்களும். மற்றவற்றில் ஒரு விலங்குக் கூட்டமே: மனிதரை விழுங்கும் சிங்கம், தன் முன்னங்காலையே கடிக்கும் சிங்கம், சிங்கத்தை அடக்கும் குரங்கு, வாலைக் கையில் பிடித்த கடற்கன்னி, துள்ளும் மனிதன். மூலையில் ஒரே தலை, இரண்டு பக்கமும் இரண்டு உடல். தாராசுரத்தில் யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த விளையாட்டு புரியும். சிற்பிக்குக் கிடைத்த மூலையை வீணாக்க மனம் வராது.

இவற்றுக்கு என்ன பொருள்? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். தீமையின் உருவம் என்பவர்கள் உண்டு, வெறும் அலங்காரம் என்பவர்களும் உண்டு. கிளேர்வோ மடத்துப் பெர்னார்டு 1125-ஐ ஒட்டி எழுதிய ஒரு மடலில் இந்த மாதிரி வேலைகளைத்தான் சாடினார்: படிக்க வேண்டிய துறவி புத்தகத்தை விட்டுவிட்டுப் பளிங்கைப் படித்துக்கொண்டு நிற்பான் என்று. அவர் குக்சாவைச் சொல்லவில்லை; அப்போது இந்தக் கூடம் கட்டப்படவும் இல்லை. ஆனால் அதைப் படித்துவிட்டோ படிக்காமலோ பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் குக்சாவில் அதையே செய்திருக்கிறார்கள்.

இந்தப் பட்டறையின் கை குக்சாவோடு நிற்கவில்லை. மலைக்குள் தனியாக நிற்கும் செர்ரபோன் மடத்தில் அதே இளஞ்சிவப்புக் கல்லில், அதே சிங்கங்களோடு ஒரு மேடை இருக்கிறது. அது அந்த மடத்தைவிட்டுப் போகாததால், குக்சாவில் கல் எப்படிப் பொருந்தியிருக்கும் என்று ஊகிக்க இன்றைக்கும் அங்கேதான் போகிறார்கள்.

கலைந்த விதம்

பிரெஞ்சுப் புரட்சி 1789 நவம்பரில் திருச்சபையின் சொத்துக்களை நாட்டுடைமை ஆக்கியது. 1790 பிப்ரவரியில் துறவற வார்த்தைப்பாடுகளுக்குச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது. குக்சாவில் கடைசியாக இருந்த துறவிகள் போனார்கள். மடம் விலைக்குப் போனது.

அதற்குப் பிறகு நடந்ததில் நாடகத்தனம் எதுவும் இல்லை. யாரும் தீ வைத்து இடிக்கவில்லை. ஆள் இல்லாத வீட்டில் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. கூரை ஒழுகியது, பிறகு விழுந்தது. 1839-இல் இரண்டு மணிக்கோபுரங்களில் வடக்கே இருந்தது சரிந்தது. சுற்றுக்கூடத்தின் தூண்கள் ஒவ்வொன்றாக நகர ஆரம்பித்தன: பக்கத்து வீடுகளுக்கு, தோட்டங்களுக்கு. பிராத் ஊரில் ஒரு குளியல் விடுதிக்காரர் பன்னிரண்டாம் நூற்றாண்டின் தூண்களையும் வளைவுகளையும் வாங்கித் தன் விடுதியில் நிறுத்திக்கொண்டார். குளிக்க வந்தவர்கள் சிங்கத் தலைகளுக்கு நடுவே நடந்து போயிருக்கிறார்கள்.

நமக்கு இது ஒன்றும் புதிதில்லை. இடிந்த கோயிலின் கல்வெட்டுத் துண்டு துணி துவைக்கும் கல்லாகக் கிடப்பதை எந்த மாவட்டத்திலும் பார்க்கலாம். எடுத்துப் போனவர்களைத் திருடர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விலைக்கு வந்த சொத்து, அழகான கல், அருகில் வேறு கேட்பாரில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எடுத்தவர் யாரும் எந்தத் தூண் எந்தப் பக்கத்தில், எதற்கு அடுத்து நின்றது என்று குறித்து வைக்கவில்லை. அந்த இழப்பை எந்தப் பணத்தாலும் பிறகு ஈடுகட்ட முடியவில்லை.

கதை சொல்லும் தூண்தலைகளாக இருந்திருந்தால் ஓரளவு வரிசைப்படுத்திப் பார்த்திருக்கலாம். தென்மேற்குப் பிரான்சின் முவாசாக் மடத்தில் 1100-இல் முடித்த சுற்றுக்கூடத்தில் 76 தூண்தலைகள். பலவற்றில் வேதாகமக் காட்சிகளும், எது எது என்று சொல்லும் எழுத்துக்களும் உண்டு. அங்கேயும் ரயில் பாதை போட்டபோது கூடம் மயிரிழையில்தான் தப்பியது. சாப்பாட்டுக் கூடம் பாதைக்குப் பலியாகிவிட்டது. ஆனால் முவாசாக்கைப் பிரித்துப் போட்டிருந்தாலும் ஆபேலும் தாவீதும் தங்கள் இடத்தைப் பற்றித் துப்பு கொடுத்திருப்பார்கள். குக்சாவின் சிங்கத்துக்கு முன்னும் கிடையாது பின்னும் கிடையாது. தனியாக எடுத்து வைத்தாலும் அழகு குறையாது. விற்பனைக்கு இதைவிட வசதியான சிற்பம் இல்லை.

பார்னார்ட் வருகிறார்

ஜார்ஜ் கிரே பார்னார்ட் அமெரிக்கச் சிற்பி. பென்சில்வேனியா மாநிலத் தலைமைச் செயலகக் கட்டடத்துக்குப் பெரிய சிற்பத் தொகுதிகள் செய்யும் வேலை 1902-இல் அவருக்குக் கிடைத்தது. பிரான்சில் தங்கி வேலை பார்த்தார். அந்தக் கட்டடத்தில் ஊழல் வெடித்து, பணம் வருவது தடைப்பட்டது. பட்டறையை நடத்தவும் குடும்பத்தைக் காப்பாற்றவும் பழைய சிற்பங்களை வாங்கி விற்கத் தொடங்கினார். அப்புறம் விற்பதைவிட வைத்துக்கொள்வதில் ஆசை வந்துவிட்டது.

தொழுவங்கள், திராட்சைத் தோட்டங்கள், பண்ணை வீடுகள் என்று தேடி அலைவது அவர் வழக்கம். ஒரு வீரனின் கல்லறைச் சிற்பம் ஓடையின் மேல் குப்புறப் போட்ட பாலமாகக் கிடந்ததைக் கண்டெடுத்தார் என்று ஒரு கதை அவரைப் பற்றிச் சொல்வார்கள். பார்னார்டுக்குக் கதை சொல்லும் திறமையும் உண்டு என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பிராத் வட்டாரத்துக்கு வந்து குக்சாவின் துண்டுகளை உரிமையாளர்களிடமிருந்து வாங்கிச் சேர்த்தார். முப்பதுக்கும் மேற்பட்ட தூண்தலைகள் அவர் கைக்கு வந்தன. 1913-இல் குளியல் விடுதியின் வளைவுகளும் போகப்போகின்றன என்று தெரிந்தபோதுதான் எதிர்ப்பு கிளம்பியது. பல ஆண்டுகள் குளிக்கப் போகும் வழியில் பார்த்துக்கொண்டிருந்த கல், கப்பலேறப் போகிறது என்றதும் பொக்கிஷமாகிவிட்டது. கிண்டலாகச் சொல்லவில்லை, பல இடங்களில் மரபுப் பாதுகாப்பு இப்படித்தான் தொடங்கியிருக்கிறது. பார்னார்ட் அந்த வளைவுகளைக் கைவிட்டார். அவை பிராத்திலேயே தங்கின. மற்றவை பெட்டிகளில் அடைந்து அமெரிக்கா புறப்பட்டன. 1913 டிசம்பர் 31 அன்று வரலாற்றுச் சின்னங்களுக்கான புதிய சட்டம் பிரான்சில் வந்தது. பார்னார்டின் பெட்டிகள் அதற்குச் சற்று முன்னால் போய்விட்டன.

1914 டிசம்பரில் மன்ஹாட்டனில் தன் வீட்டுக்கு அருகே ஒரு செங்கல் கட்டடத்தில் அவற்றை வைத்துப் பொதுமக்களுக்குத் திறந்தார். மெழுகுவத்தி வெளிச்சம், துறவி உடை போட்ட காவலர்கள் என்று ஒரே பக்தி மயம். இன்றைய அருங்காட்சியகக்காரர்கள் பார்த்தால் நெளிவார்கள்.

ஹட்சன் கரையில்

1925-இல் ஜான் டி. ராக்கஃபெல்லரின் மகன் பணம் கொடுத்து, மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் பார்னார்டின் சேகரிப்பை வாங்கியது. ஃபோர்ட் டிரையன் பூங்காவின் உச்சியில் அதற்கென்றே ஒரு புதிய கட்டடம் எழுப்பினார்கள். கட்டடக் கலைஞர் சார்லஸ் காலன்ஸ். பிரெஞ்சு மடங்களின் பெயர் தாங்கிய நான்கு சுற்றுக்கூடங்கள் அதற்குள் வந்தன. ‘தி குளோய்ஸ்டர்ஸ்’ என்ற பெயரில் 1938 மே மாதம் திறப்பு விழா. பார்னார்ட் அதைப் பார்க்கவில்லை. ஏப்ரல் 24 அன்றே காலமாகிவிட்டார்.

குக்சா கூடம்தான் அந்தக் கட்டடத்தின் நடுநாயகம். கிடைத்த துண்டுகள் முழு அளவுக்குப் போதாது என்பதால், மூலத்தின் பாதி அளவை ஒட்டியே கட்டினார்கள். குறைந்த இடத்துக்குக் கல் வேண்டுமே? ரியாவுக்கு அருகில் இருந்த பழைய சுரங்கத்தைத் திரும்பத் திறந்து அதே இளஞ்சிவப்புப் பளிங்கை வெட்டி வரவழைத்தார்கள். ஆகவே நியூயார்க்கில் தெரியும் புதுக்கல்லும் பழைய கல்லும் ஒரே மலையின் பிள்ளைகள். வயதுதான் எண்ணூறு ஆண்டு வித்தியாசம். ராக்கஃபெல்லர் இன்னொன்றும் செய்தார். பூங்காவிலிருந்து ஆற்றின் அக்கரையைப் பார்த்தால் கண்ணில் வேறு கட்டடம் எதுவும் படக் கூடாது என்று, நியூஜெர்சிப் பக்கம் சுமார் 700 ஏக்கர் நிலத்தை வாங்கி அக்கரைப் பூங்காவுக்குக் கொடுத்துவிட்டார். கூடத்தை வாங்கியவர்கள் உண்டு, அதற்குக் காட்சியையும் வாங்கிக் கொடுத்தவர் இவர்.

முற்றத்தைச் சிலுவையாகப் பிரிக்கும் நடைபாதைகள், பழ மரங்கள், பூச்செடிகள். குளிர்காலத்தில் வளைவுகளுக்குக் கண்ணாடி போட்டு, தொட்டிச் செடிகளை நடைக்குள் கொண்டுவந்து வைக்கிறார்கள். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. அதைப் பார்த்துவிட்டுக் குக்சாவைப் பற்றித் தெரிந்துகொண்டேன் என்று ஒருவர் சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அளவு வேறு, தூண்களின் வரிசை கட்டியவர்களின் தேர்வு, சுவருக்கு அப்பால் சாப்பாட்டுக் கூடமும் இல்லை படுக்கைக் கூடமும் இல்லை. எந்த வாசலும் ஒரு துறவியின் நாளுக்குள் திறக்கவில்லை.

மலையடியில் மிஞ்சியவை

குக்சாவில் 1919-இல் மீண்டும் துறவிகள் வந்தார்கள். ஃபோன்ஃபுருவாத் மடத்தைச் சேர்ந்த சிஸ்டர்சியர்கள். 1965-இல் அவர்கள் இடத்தில் மோன்செராத்திலிருந்து பெனடிக்ட் சபையினர் வந்தார்கள். தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஆசீர்வாதப்பர் என்று அழைக்கும் அதே புனிதரின் சபை. சிறிய குழுதான், ஆனால் மணி அடிக்கிறது, செபம் நடக்கிறது.

1950-களில் சுற்றுக்கூடத்தைத் திரும்ப நிறுத்தும் வேலை நடந்தது. பிராத்தில் தங்கிய குளியல் விடுதி வளைவுகளும் வட்டாரத்தில் மீட்ட துண்டுகளும் மூல அடித்தளத்தின் மேல் ஏறின. முழுக்கூடம் வரவில்லை. ஒரு பகுதி வளைவுகளோடு நிற்கிறது. மற்றப் பக்கத்தில் புல்லும் வானமும்தான். நிற்கும் கோபுரம் ஒன்று, விழுந்த கோபுரத்தின் வெறுமை ஒன்று. ஸ்பெயினின் பிராங்கோ ஆட்சியை ஏற்காமல் பிராத்தில் அடைக்கலம் புகுந்த செல்லோ மேதை பாவ் கசால்ஸ் 1950-இல் அங்கே தொடங்கிய இசைவிழா, பின்னர் இந்த மடக்கோயிலுக்கும் வந்தது. கூரை விழுந்து கிடந்த கோயிலுக்குள் பாஹின் இசை ஒலித்தது.

எது அசல் என்ற கேள்விக்கு என் பதில் இது. கல்லின் எண்ணிக்கையில் நியூயார்க் பலமானது. இடத்தில் குக்சா பலமானது. ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் குக்சாவைச் சொல்வேன், பாதி காலியாக இருப்பதற்காகவே. அங்கே நின்றால் என்ன தொலைந்தது என்பது காலடி அளவில் தெரிகிறது. கல்லைத் திருப்பிக் கேட்கலாமா என்று கேட்பவர்களுக்கு: விலை கொடுத்து, சட்டம் வருமுன் போன கல். சட்டம் பார்னார்டின் பக்கம். நியாயம் எந்தப் பக்கம் என்பதில் பிராத் ஊரின் தோட்டக்காரர்களையும் குளியல் விடுதியையும் கணக்கில் சேர்க்காமல் தீர்ப்பு சொல்ல முடியாது.

பக்கத்து மடமும் மதுரையும்

நியூயார்க்கின் குக்சா முற்றத்து நடுவில் ஒரு நீரூற்றுத் தொட்டி இருக்கிறது. அது குக்சாவுடையது அல்ல. அதே வட்டாரத்தின் சான் ஜெனி மடத்துடையது. அந்த மடத்தின் கதை இன்னும் கொடுமை. 1924-இல் அதன் சுற்றுக்கூடத்தை வாங்கிய வியாபாரி, புதுக்கல்லில் பிரதிகள் செய்து கலந்து, ஒன்றை இரண்டாக்கி விற்றார். பிரான்சுக்குள் ஒரு மாளிகைக்குப் போன பகுதியை மீட்டு 1980-களில் ஊரில் திரும்பக் கட்டிவிட்டார்கள். அமெரிக்காவுக்குப் போன பகுதி பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதே அருங்காட்சியகத்தில் நம் ஊர் மண்டபமும் ஒன்று உண்டு. மதுரை மதன கோபால சுவாமி கோயிலைச் சேர்ந்த கருங்கல் தூண்களை அடலின் பெப்பர் கிப்சன் என்ற பெண்மணி 1912-இல் அங்கே வந்தபோது வாங்கினார். 1919-இல் அவர் இறந்தபின் குடும்பத்தார் அவற்றை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். பார்னார்ட் பிராத்தில் விலை பேசிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள். பிரெனே மலையின் பளிங்குத் தூண்களும் மதுரைக் கருங்கல் தூண்களும் இன்று ஒரே கூரைக்குக் கீழே நிற்கின்றன.